மேஸ்திரி என்னும் பெரியாள்



முன்வரிசையில் எட்டு நாற்காலி காலியாக இருக்கிறது. பின்னால் நிற்பவர்களை வந்து உட்காரச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். "இருக்கட்டும் சார், இங்கயே வசதியா இருக்கு" என்றார் ஒருவர். யார் என்று விசாரித்தேன். பதினைந்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரியாம். அவருடைய ஆட்கள் பின்னால் நிற்கும்போது அவர் மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்தால் நன்றாக இராது என்று நினைத்திருப்பார். நல்லதுதான். இன்றைக்கு நான் பேசப்போவது அவருடைய பட்டத்தைப் பற்றி. மேஸ்திரி என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

இங்கே சொந்த வீடு கட்டியவர்கள் பாதிப்பேர் இருப்பீர்கள். உங்களைக் கேட்கிறேன். வேலை தொடங்குமுன் உங்களிடம் முன்பணம் வாங்கியவர் யார்? மேஸ்திரி. வானம் தோண்டுகிற அன்றைக்கு நூல் பிடித்து மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்தவர்? மேஸ்திரி. சனிக்கிழமை சாயங்காலம் கூலியைப் பிரித்துக் கொடுத்தவர்? மேஸ்திரி. லிண்டல் மட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டுப் பத்து நாள் போனை எடுக்காமல் இருந்தவர்? அவரேதான். (சிரிக்கிறீர்கள். கடைசி வரிசையிலும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.)

மண்ணைத் தோண்டுவதற்கு 'வானம் தோண்டுதல்' என்று பெயர் வைத்திருக்கிற மொழி நம் மொழி. கட்டட வேலையில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் இப்படி ஏதாவது உள்ளே இருக்கும். அதையெல்லாம் இன்று தொடப்போவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். மேஸ்திரியும் கொத்தனாரும் ஒன்று என்று நகரத்தில் இருக்கிற நம்மில் பலர் நினைக்கிறோம். வேலை நடக்கிற இடத்தில் ஒருநாள் காலையில் போய் நின்றால் தெரியும். கரண்டி பிடித்துச் சுவர் வைப்பவர் கொத்தனார். அவர் பக்கத்தில் தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், பூச்சுக்கு மணியாஸ் கட்டை எல்லாம் இருக்கும். மண்வெட்டியால் கலவை போடுகிறவர், சிமெண்ட் மூட்டை சுமக்கிறவர் பெரியாள். தென் மாவட்டங்களில் அவரை நிமிந்தாள் என்பார்கள். தலையில் சும்மாடு வைத்துச் செங்கல்லும் சாந்தும் ஜல்லியும் சுமக்கிற பெண் சித்தாள். இவர்கள் யாருடைய வேலையையும் மேஸ்திரி செய்யவேண்டும் என்பதில்லை. செய்யத் தெரிந்திருக்கும், பெரும்பாலும் அவரும் ஒருகாலத்தில் கரண்டி பிடித்தவர்தான். ஆனால் அவரை மேஸ்திரி ஆக்குவது கரண்டி இல்லை. தமிழில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது: கொத்தனார் வேலை செய்கிறவர், மேஸ்திரி வேலை வாங்குகிறவர். இந்த 'வாங்குதல்' என்ற வினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ஆண்டுக் கதை முழுக்க அதுதான் நம்மோடு வரப்போகிறது.

மாணவனாக இருந்தபோது நான் மேஸ்திரி என்பதை வடசொல் என்றுதான் நம்பியிருந்தேன். சாஸ்திரி மாதிரி மேஸ்திரி. அந்த 'ஸ்தி' வந்தாலே நமக்குக் காசி நினைவு வந்துவிடும். என் அறைத்தோழன் ஒருபடி மேலே போனான். மேல் பிளஸ் ஸ்திரீ என்று பிரித்து, சாரத்தின் மேல் நிற்கிற பெண் என்று பொருள் சொன்னான். தெலுங்கில் எழுதும்போது உள்ளபடியே 'ஸ்த்ரீ' என்றுதான் எழுதுகிறார்கள் என்பதை வேறு சாட்சிக்கு இழுத்தான். வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் அந்த வேடிக்கையில் ஒரு கசப்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சொல் வந்தது காசியிலிருந்து அல்ல, லிஸ்பனிலிருந்து. போர்த்துகீசிய மொழியில் 'மெஸ்த்ரெ' என்று ஒரு சொல். அதுதான் நம் மேஸ்திரி. எப்படி மாறியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதே கப்பலில் அதே மொழியிலிருந்து இன்னொரு சொல்லும் வந்து இறங்கியது: 'பாத்ரெ'. தந்தை என்று பொருள். கிறித்தவக் குருவைக் குறிப்பது. அது தமிழில் பாதிரி ஆனது. பாத்ரெ பாதிரி என்றால் மெஸ்த்ரெ மேஸ்திரி. தகரமும் ரகரமும் நடுவில் உயிர் இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது தமிழ் நாக்குக்கு ஒவ்வாது. மந்த்ரத்தை மந்திரம் ஆக்கியது போல நடுவில் ஓர் இகரத்தைச் செருகினோம். கடைசியில் வழுக்கி ஒலிக்கும் எகரத்தையும் இகரமாக்கிக் கதவைச் சாத்திவிட்டோம். மொழியும் கொத்து வேலைதான். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து வேண்டும்.

மேஸ்திரி மட்டும் தனியே வரவில்லை. அவர் கட்டிய வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல் போர்த்துகீசியம். இலங்கையில் யன்னல் என்பார்கள். சாவி போர்த்துகீசியம். ஜன்னலுக்குப் போடுகிற கிராதி போர்த்துகீசியம். உள்ளே போனால் அலமாரி, மேசை. யாழ்ப்பாணத்திலும் புதுச்சேரியிலும் சமையலறையைக் குசினி என்பார்கள். அதுவும் அந்தச் சரக்குதான். சுவரும் கதவும் கூரையும் வாசலும் திண்ணையும் நம்முடையவை. தமிழன் வீட்டில் வெளிச்சம் வருகிற ஓட்டைக்குப் பலகணி, சாளரம் என்று அழகான பெயர்கள் இருந்தும் பறங்கியின் ஜன்னலே நின்றுவிட்டது. 'சிமெண்ட்' எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி மட்டும். அதன் லத்தீன் மூலம் உடைத்த கல்லைக் குறித்தது, பசையை அல்ல. அதாவது அப்போது சிமெண்ட் என்றால் ஏறக்குறைய ஜல்லி.

இந்தச் சொல்லின் பிறப்பை எழுதி வைத்தவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஆர்தர் கோக் பர்னெல். தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். அங்குள்ள சரஸ்வதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி, அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1886இல் வெளிவந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் நாக்கில் புழங்கிய சொற்களின் அகராதி அது. மேஸ்திரி அதில் இருக்கிறார். வடக்கே எந்தக் கைத்தொழிலாளியையும் மிஸ்திரி என்கிறார்கள், தெற்கே துரை வீட்டில் மேஸ்திரி என்றால் பெரும்பாலும் சமையல்காரர் அல்லது தையல்காரர் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சில துரைமார்கள் இதையே 'மிஸ்டரி' என்று, மர்மம் என்று பொருள்படும்படி, எழுதிவந்ததும் பதிவாகியிருக்கிறது. வீடு கட்டியவர்களுக்கு அந்த எழுத்துப்பிழை பிழையாகப் படாது.

இன்னொருவர் கோவாவைச் சேர்ந்த செபஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காது. பாதிரியார். ஆசிய மொழிகளில் போர்த்துகீசியச் சொற்கள் எங்கெங்கே புகுந்திருக்கின்றன என்று ஐம்பது மொழிகளைச் சலித்து 1913இல் ஒரு நூல் போட்டார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்குத் தலை சுற்றும். இன்றைக்கு நாம் கணினியில் தட்டிப் பார்ப்பதை அவர் சீட்டுச் சீட்டாக எழுதிக் கோத்தார்.

சரி, போர்த்துகீசியர் இந்தச் சொல்லை எதற்கு வைத்திருந்தார்கள்? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். 1510இல் கோவா அவர்கள் கைக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் தூத்துக்குடி, நாகப்பட்டினம், மயிலாப்பூர் என்று நம் கரையெங்கும் அவர்களுடைய நடமாட்டம். சென்னையில் இருப்பவர்களுக்கு லஸ் தெரியும். லஸ் என்பதே 'லூஸ்', வெளிச்சம் என்ற போர்த்துகீசியச் சொல். அங்கே உள்ள பிரகாச மாதா கோயில் கல்வெட்டில் 1516 என்று ஆண்டு போட்டிருக்கிறது. இப்படிக் கோயிலும் கோட்டையும் பண்டகசாலையும் எழுப்பியவர்களுக்கு ஆட்கள் வேண்டும். கல் தச்சரும் கொத்தரும் சுண்ணாம்புக்காரரும் இங்கேதான் இருந்தார்கள். அவர்களை வேலை வாங்க ஒருவர் வேண்டும்.

அவர்கள் கப்பலிலேயே அந்தப் பதவி உண்டு. கப்பலுக்குத் தலைவர் கேப்டன். அவர் பிரபு குலத்தவராக இருப்பார். கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். திசை பார்ப்பவர் பைலட். மாலுமிகளை அதட்டி, பாய் ஏற்றவும் இறக்கவும் வைப்பவர் மெஸ்த்ரெ. கரையில் கட்டட வேலைக்குத் தலைவர் 'மெஸ்த்ரெ தாஸ் ஓப்ராஸ்'. வேலைகளின் மெஸ்த்ரெ என்று பொருள். இன்றைக்கும் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் கட்டட மேஸ்திரிக்கு 'மெஸ்த்ரெ தெ ஓப்ராஸ்' என்றுதான் பெயர். நம்மூர் மேஸ்திரி ஒருவரை சாவோ பாவ்லோவில் கொண்டுபோய் விட்டால், மொழி ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் தன் பட்டத்தை மட்டும் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிடலாம்.

இப்போது இன்னும் ஆழமாகத் தோண்டுவோம். மெஸ்த்ரெ லத்தீனிலிருந்து வந்தது. மூலச்சொல் 'மகிஸ்தேர்'. 'மகிஸ்' என்றால் மிகுதி, அதிகம். அதனோடு இருவரை ஒப்பிடும்போது சேர்க்கிற ஒரு விகுதி சேர்ந்து மகிஸ்தேர்: இருவரில் பெரியவர். மகிஸ், மிக என்று ஓசை ஒத்திருக்கிறதே என்று யாரும் நாளைக்கே கட்டுரை எழுதிவிடாதீர்கள். அது தற்செயல். உண்மையான உறவு வடமொழியோடு. மகாராஜாவில் இருக்கிற அந்த 'மகா'வும் இந்த மகிஸும் ஒரே வேரின் பிள்ளைகள்.

இந்த மகிஸ்தேர் பல வழிகளில் பலமுறை நம் வீட்டுக்குள் வந்திருக்கிறார். போர்த்துகீசியர் வழியே மேஸ்திரியாக. ஆங்கிலத்தின் வழியே மாஸ்டராக. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் எல்லாரும் அதில் அடக்கம். அதே மாஸ்டர் தேய்ந்து மிஸ்டர். நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட். இத்தாலியின் வழியே வந்தவர் மேஸ்ட்ரோ. அந்தப் பட்டத்தைச் சொன்னால் தமிழர்களுக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வரும், இளையராஜா. இவர்கள் ஐவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிறந்தவுடன் வேறு வேறு வீட்டில் வளர்ந்ததால் ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் மேஸ்திரி கைகட்டி நிற்கிறார்.

ஆனால் எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது மகிஸ்தேருக்கு லத்தீனில் இருந்த ஜோடி. பெரியவர் என்று ஒருவர் இருந்தால் சிறியவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டுமல்லவா? 'மினுஸ்' என்றால் குறைவு. மைனஸ் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அதே மாதிரி விகுதி சேர்த்து 'மினிஸ்தேர்': இருவரில் சிறியவர், எடுபிடி, பணியாள். அரசனுக்கு அருகில் நின்று பணி செய்கிறவர் என்ற பொருளில் அது மெல்ல மெல்ல ஏறி மினிஸ்டர் ஆயிற்று.

அப்படியானால் என்ன ஆகிறது? மேஸ்திரி பெரியாள், மினிஸ்டர் சித்தாள்.

நான் வேடிக்கைக்காக இழுத்துக் கட்டவில்லை. சித்தாள் என்பது சிற்றாள்தான். சிறுமை என்ற பண்பும் ஆளும் சேர்ந்தது. பேச்சில் றகரம் தகரமானது. காற்றைக் காத்து என்கிறோமே, அப்படி. லத்தீன்காரன் ரோமாபுரியில் வைத்திருந்த அதே இரண்டு படி ஏணி நம் கட்டட வேலையில் பெரியாள், சித்தாள் என்று இன்றுவரை நிற்கிறது. நாம் அவனிடம் கற்கவில்லை, அவனும் நம்மிடம் கற்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கல் சுமக்கிற இடத்தில் யார் பெரியவன், யார் சின்னவன் என்ற கேள்வி எந்த ஊரிலும் தானாக முளைத்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பெரியவன் என்று பொருள்படும் சொல் பாரசீகத்திலும் ஒன்று உண்டு, 'மிஹ்தர்'.  இன்றைய பாகிஸ்தானின் வடகோடியில் உள்ள சித்ராலை ஆண்ட அரசருக்குப் பட்டம் மேத்தர். வட இந்தியத் தெருக்களில் மலம் அள்ளும்படி வைக்கப்பட்டவருக்கும் பெயர் மேத்தர். ஒரே சொல். ஒருவருக்கு உண்மையாகவே சூட்டினார்கள். மற்றவருக்கு, செய்யச் சொன்ன வேலையின் இழிவை மறைக்க ஒரு பூச்சாகப் பூசினார்கள். சொல்லில் இருக்கிற பெருமை சோற்றில் வராது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

நம்மிடம் இதற்குச் சொந்தச் சொல் இல்லையா என்று தமிழாசிரியர்கள் கேட்பீர்கள். இருந்தது. அருமையான சொல். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அதைக் கட்டியவரின் பெயர் அந்தக் கோயில் கல்லிலேயே இருக்கிறது. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். பெருந்தச்சன்! அந்தப் 'பெரு'வைப் பாருங்கள். மகிஸ்தேரில் இருக்கிற பெருமை அப்படியே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் தச்சன் என்ற தொழிலும் நிற்கிறது. எதில் பெரியவர் என்று சொல் சொல்லிவிடுகிறது. மெஸ்த்ரெ அதைச் சொல்வதில்லை. பெரியவர், அவ்வளவுதான். பர்னெல் துரை நீதிபதியாக இருந்ததும் அதே தஞ்சாவூரில்தான். அகராதியில் மேஸ்திரி ஏறிய காலத்தில் பெருந்தச்சன் கல்லில் மட்டுமே மிஞ்சியிருந்தார். மலையாளத்தில் பெருந்தச்சன் கதையாக வாழ்கிறார். மகனின் திறமையைக் கண்டு பொறாத தகப்பனின் கதை. நாம் அந்தக் கதையையும் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கும் முன்னே போனால் நெடுநல்வாடை. அரண்மனைக்கு மனை வகுக்கிற காட்சி ஒன்று அதில் வருகிறது. நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து அளக்கிறார்கள். அளக்கிறவர்களை நக்கீரர் புலவர் என்கிறார், நூலறிந்த புலவர். அவர் சிற்பநூலைத்தான் சொல்கிறார். ஆனால் சுவர் வைக்கக் கட்டுகிற நூலும் நூல், படிக்கிற நூலும் நூல். நன்னூலும் இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டிருக்கிறது. மரத்தின் கோணலை அறிய நூலடிப்பதைச் சொல்லி, மனத்தின் கோணலுக்குப் படிக்கிற நூலைச் சொல்கிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளை படிக்கப் போனால் "நூல் பிடிக்கிறவன் மகன் நூல் பிடிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லலாம்.

ஆசாரி என்ற சொல்லும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஆசாரியர், அதாவது ஆசிரியர். மரவேலை செய்கிறவரையும் பொன்வேலை செய்கிறவரையும் நாம் ஆசிரியர் என்றுதான் அழைத்துக்கொண்டிருக்கிறோம். லத்தீனிலும் மகிஸ்தேர் என்றால் பள்ளி ஆசிரியர். தாஜ்மகாலைக் கட்டியவராகச் சொல்லப்படும் அகமது லாஹோரிக்கும் பட்டம் உஸ்தாத், ஆசான். கைவேலை தெரிந்தவனை ஆசிரியன் என்று மதித்த காலம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது. கையால் செய்வது கீழே, வாயால் சொல்வது மேலே என்று பிரித்தது பிறகுதான்.

ஆசாரியும் பெருந்தச்சனும் இருக்கும்போது மேஸ்திரி ஏன் வேண்டியிருந்தது? இது என் கருத்து, மாறுபடலாம். தச்சன், கொத்தன், ஆசாரி எல்லாம் தொழிலின் பெயர்கள். நம் நாட்டில் தொழிலின் பெயர் என்றால் சாதியின் பெயரும் ஆகிவிடும். தச்சன் தச்சரை வேலை வாங்கலாம். தச்சரும் கொல்லரும் கூலியாட்களும் கலந்த ஐம்பது பேரைப் பறங்கிக்கோ வெள்ளைக்காரனுக்கோ ஒருவர் மொத்தமாகப் பிடித்துக்கொடுத்து வேலை வாங்கவேண்டும் என்றால், அந்தப் பதவிக்கு நம்மிடம் பெயர் இல்லை. தொழிலும் சாதியும் சொல்லாத ஒரு வெற்றுப் 'பெரியவர்' தேவைப்பட்டார். மெஸ்த்ரெ கைவசம் இருந்தது.

அதனால்தான் அந்தச் சொல் கட்டட வேலையோடு நிற்கவில்லை. ரயில் பாதையில் கேங் மேஸ்திரி. பஞ்சாலையில் மேஸ்திரி, வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் ஒருகாலத்தில் அவர் கையில். நகராட்சியில் துப்புரவு மேஸ்திரி. இரங்கூனின் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆந்திரக் கரையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக் கப்பல் ஏற்றியவர்களுக்கும் பெயர் மேஸ்திரி. அந்த ஏற்பாட்டையே மேஸ்திரி முறை என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. இலங்கைத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தவர் கங்காணி. பெயர் வேறு, முன்பணம் ஒன்று. இன்றும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் சேர்க்கிறவர் மேஸ்திரிதான். ஆடி மாதம் வீட்டில் ஒரு செலவு வந்து நிற்கும்போது கையில் பணம் கொடுப்பார். அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் ஆறு மாதம் கல் அறுக்கும். வேலை வாங்குவது என்றேனே, அங்கே உண்மையிலேயே விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வடக்கே இந்தச் சொல் வேறு வழியில் போயிற்று. மிஸ்திரி என்றால் அங்கே கைவேலைக்காரர். கட்டட வேலைக்கு ராஜ் மிஸ்திரி. பழுது பார்க்கிறவரும் மிஸ்திரி. பார்சிகள் அதைக் குடும்பப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். நாவலாசிரியர் ரோஹின்டன் மிஸ்திரியின் பெயரில் இருப்பது நம் மேஸ்திரிதான். தெலுங்கில் கொத்தனாருக்கே தாப்பி மேஸ்திரி என்று பெயர். தாப்பி என்றால் கரண்டி. சிங்களத்தில் போர்த்துகீசியரை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரரிடம் போய்விட்டார்கள். அங்கே கொத்தனாரும் தச்சரும் 'பாஸ்'. முதலாளியை ஆங்கிலத்தில் பாஸ் என்கிறோமே, அதுவும் அதே டச்சுச் சொல்தான். யாருடைய சொல் எந்தக் கரையில் நிலைத்தது என்பதை மேஸ்திரியின் பெயரை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அறைத்தோழனின் 'ஸ்திரீ'க்கு வருகிறேன் என்றேன்.

மேஸ்திரிக்குத் தமிழில் பெண்பால் இல்லை. மாஸ்டருக்கு மிஸ் வந்துவிட்டது, ஆசிரியருக்கு ஆசிரியை வந்துவிட்டது. மேஸ்திரிக்கு வரவில்லை, கொத்தனாருக்கும் வரவில்லை. வராததற்குக் காரணம் இலக்கணம் இல்லை. ஆள் இல்லை. பெரியாளாகச் சேர்கிற பையன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரண்டியை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்ப்பான். யாரும் திட்டமாட்டார்கள். நாலு வருஷத்தில் அவன் பாதிக் கொத்தனார். அதற்குக் கூலி கூடும். சித்தாளாகச் சேர்கிற பெண் இருபது வயதில் சித்தாள், ஐம்பது வயதில் சித்தாள். சொல்லே சிற்றாள் என்று அடித்து உட்கார வைத்துவிடுகிறது. கரண்டி பிடிக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் உங்கள் தெருவில் இப்போது நடக்கிற வேலையை நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.

1998இல் நான் வீடு கட்டினேன். சிறிய வீடு. ஒருநாள் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடகிழக்கு மூலைச் சுவர் ஏழடிக்கு வந்துவிட்டது. சாரத்தின் மேல் கொத்தனார். பக்கத்தில் மேஸ்திரி. கீழேயிருந்து கல் எடுத்துக் கொடுப்பவர் ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மா. கையை நீட்டியபடியே ஒரு நிமிஷம் நின்று மேலே பார்த்தார். "அண்ணே, மூல வெளிய போகுது" என்றார். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கல்ல எடு." இன்னும் ஒரு வரி கல் ஏறியது. "போகுதுண்ணே." இந்த முறை என் காதிலும் விழுந்துவிட்டது என்பதால் மேஸ்திரிக்கு வேறு வழி இல்லை. தூக்குக்குண்டை எடுத்தார்.

தூக்குக்குண்டைப் பலர் கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டீர்கள். பித்தளைக் குண்டு. மேலே நூல். நூலில் ஒரு சின்னக் கட்டை கோத்திருக்கும். குண்டின் குறுக்களவும் கட்டையின் அகலமும் ஒன்று, அதுதான் சூட்சுமம். கட்டையைச் சுவரின் தலையில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விடுவார்கள். சுவர் நேராக இருந்தால் கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சுவர் உள்ளே சாய்ந்திருந்தால் குண்டு உரசும். வெளியே தள்ளியிருந்தால் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

குண்டு ஆடி ஆடி நின்றது. நடுவே என் சுண்டுவிரல் நுழையும். மேல் நாலு வரியைப் பிரித்தார்கள்.

அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு யோசித்தேன். சாரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தன் காலடியில் இருக்கும் மூன்று வரிதான் தெரியும். கீழே நிற்பவருக்கு அடியிலிருந்து நுனிவரை மூலை முழுவதும் ஒரே கோடாகத் தெரிகிறது. முப்பது வருஷமாக அண்ணாந்து பார்த்துக் கல் கொடுத்த கண். அவருடைய அன்றைய கூலி கொத்தனார் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

இந்தச் சொல்லாராய்ச்சியை எல்லாம் நான் படித்து முடித்தது அதற்கு வெகுநாள் கழித்து. மாடியில் ஓர் அறை எடுத்தபோது அதே மேஸ்திரி வந்தார், தலை நரைத்திருந்தது. அதே அம்மாவும் வந்திருந்தார். டீ நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. லிஸ்பன், ரோமாபுரி எல்லாம் சொன்னேன். மேஸ்திரி என்றால் பெரியாள், மினிஸ்டர் என்றால் சித்தாள் என்றேன்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப அந்த மினிஸ்டர நம்ம சைட்டுக்கு அனுப்புங்க சார். மேல் தளத்துக்கு ஜல்லி ஏத்த ஆள் பத்தல" என்றார்.

அந்த அம்மா டீ தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கந்தல் துணியைச் சுற்றிச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தார். "வரட்டும். ஆனா மொத நாளே சட்டியத் தலையில ஏத்திராதீங்க. கழுத்து புடிச்சிக்கும். எனக்கெல்லாம் ஒரு மாசம் ஆச்சு" என்றார். சொல்லிவிட்டு, கலவை இறுகுகிறது என்று கொத்தனார் மேலேயிருந்து கத்திய பக்கம் நடந்தார்.